வலப்பக்கம் பன்னிரண்டு மில்லி

ஒரகடம்
10.6.2024

பேச்சிராஜுக்குத் தாண்டவராயன் எழுதுவது.

பழைய இத்தாலி மோட்டார் சைக்கிளின் வலது ஃபுட்ரெஸ்ட் இடதைவிடப் பன்னிரண்டு மில்லி கீழே இருக்கிறது. அதைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறது. நீதான் வண்டியைக் கீழே போட்டாய் என்று நம் பழைய இரும்பு யார்டில் பதினோரு பேர் முன்னால் நான் சொன்னேன். நீ ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். பெட்டியையும் விட்டுவிட்டுக் கழுகுமலைக்குப் பஸ் ஏறிவிட்டாய். நடந்தது இவ்வளவு. இன்றோடு பத்தொன்பது நாள்.

உன் போனுக்கு அடித்தேன். என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மோகன் போனிலிருந்து அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் கடிதம். பேரிங் சுற்றி வரும் பழைய பேப்பரையே நின்று படிக்கிறவன் நீ. இதைப் படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது.

சமாதானம் பேச எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வண்டியை வெளியே எடுத்தாய் என்று வாட்ச்மேன் மண்ணாங்கட்டி சொன்னார். செவ்வாய்க்கிழமை நீ லீவு. நானும் மோகனும் வண்டியைக் குட்டியானை மினி லாரியில் ஏற்றி, அதை வாங்க விலை பேசியிருந்த அடையாறு டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி உட்கார்ந்தார். "மிஸ்டர் தாண்டவராயன், என்னோட வலது கால் கீழ போகுது" என்றார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். புதன்கிழமை காலையில் உன்னைக் கேட்டேன், "வண்டிய எடுத்தியா இல்லியா?" என்று. நீ தரையைப் பார்த்தாய். எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காதவனை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

இப்போது விஷயம். டாக்டருக்கு வண்டி வேண்டும். ஆனால் ஃபிரேம் கோணியிருந்தால் வேண்டாம். ஜூலை கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். எட்டி நின்று பார்த்துவிட்டு, "ஃபிரேம் போச்சு சார்" என்றான். படப்பையிலிருந்து இன்னொருவன் வந்தான். "சூடு காட்டி ஒரே தட்டு, நேராயிடும்" என்றான். இரண்டு பேரும் வண்டியைத் தொடவில்லை. தொடாமல் விலை சொல்கிறவனிடம் நான் இரும்பே வாங்கமாட்டேன், யோசனையா வாங்குவேன்?

அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டி மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தினவன் நீ. கோணல் எங்கே என்று கண்டுபிடிக்க எதை எதைப் பார்க்க வேண்டும்? அதை மட்டும் எழுது.

உன் பெட்டி பூட்டியபடி இருக்கிறது. யாரும் தொடவில்லை.

தாண்டவராயன்

பி.கு: போன வாரம் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண் கேட்டுக்கு வந்து, "முதலாளியப் பாக்கணும்" என்றாளாம். நான் வருவதற்குள் அவளுடைய ஷிப்டு பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். பேர் சொல்லவில்லை. தென்மாவட்டத்துப் பேச்சு என்கிறார் மண்ணாங்கட்டி. உனக்குத் தெரிந்தவளா?


கழுகுமலை
16.6.2024

அண்ணாச்சிக்கு,

வண்டிக்காக எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

இங்கே கோவில்பட்டியில் ஒரு டிராக்டர் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். முந்தின இடத்தில் ஏன் விட்டாய் என்று அந்த முதலாளி கேட்டார். சும்மா, என்றேன். "ஒம்பது வருசம் இருந்துட்டு சும்மாவா விடுவான் ஒருத்தன்?" என்றார். எங்கம்மா தினமும் காலையில், "லீவு இன்னும் எத்தன நாளுக்குலே?" என்கிறாள். பட்டறைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுகிறேன்.

இப்போது நீங்கள் கேட்டது. யாரையும் விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள். உங்கள் கண்ணால் பார்க்காத எதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள். கண்ணால் பார்க்காமல் நம்பியது என் விஷயத்தில் ஒன்றுதான்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முதலில் தரை மட்டமா என்று பார்க்க வேண்டும். நம் ஷெட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு. கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார் இல்லையா, அப்படிப் பார்த்து, தாழ்ந்த பக்கம் தகடு வையுங்கள். தரை கோணலாக இருந்தால் வண்டியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பிறகு பின் சக்கரத்தை ஒட்டி ஒரு நூலை முன் சக்கரம் வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும். நூலுக்கும் முன் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்தது ஃபிரேம். இரண்டு பக்க பிராக்கெட்டையும் கழற்றுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். பிராக்கெட் மாட்டும் துளை ஃபிரேமில் இரண்டு பக்கமும் இருக்கும். நேரான நீளக் கம்பி ஒன்றை வலது துளையில் விட்டு இடது துளை வழியாக வெளியே எடுக்கப் பாருங்கள். தடையில்லாமல் போனால் ஃபிரேம் நேர். முட்டினால் டாக்டரை மறந்துவிடுங்கள்.

கடைசியாக பிராக்கெட்டுகள். கனமான கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து மூலைகளை விரலால் அழுத்துங்கள். ஆடாமல் கிடந்தால் நேர். ஆடினால் வளைவு. முனை எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

சுத்தியலைத் தொடாதீர்கள். படப்பைக்காரனை உள்ளே விடாதீர்கள்.

கேட்டுக்கு வந்த பெண் மறுபடி வந்தால் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

பேச்சிராஜ்


ஒரகடம்
24.6.2024

பேச்சிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, யார்டு லீவு. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தேன். ஐம்பத்தோரு வயதில் முதல் முறையாக ஸ்பானர் பிடித்திருக்கிறேன். கையில் இரண்டு இடத்தில் தோல் போயிற்று. சிரிக்காதே.

மட்டம் பார்க்க டியூபின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. சாப்பாடு கொண்டுவந்த கனகத்தைப் பிடிக்கச் சொன்னேன். "இருவத்தாறு வருஷமா யாவாரம் பண்றே, ஒரு நாளாவது என்னை ஒண்ணு புடின்னு சொல்லியிருப்பியா? இன்னிக்கித்தான் சொல்றே, அதுவும் தண்ணி டியூபை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னாத்துக்கு இம்மாம் பாடு? அந்தப் புள்ளைய கூப்ட்டு ரெண்டு வார்த்த நல்லதா பேசினா வந்துட்டுப் போவுது" என்றாள். தண்ணீர் சிந்துகிறது, சும்மா இரு என்றேன்.

நீ சொன்னது சரி. தரை வாசல் பக்கம் ஆறு மில்லி சரிவு. இந்த ஷெட்டைக் கட்டி எட்டு வருஷம் ஆகிறது, எனக்குத் தெரியாது. தகடு வைத்தேன்.

நூல் கட்டினேன். இடது பக்க இடைவெளி பதினேழு, வலது பக்கம் பதினேழு. மூன்று முறை பார்த்தேன்.

பிராக்கெட்டைக் கழற்ற ஒரு மணி நேரம். போல்ட்டுகளைக் கனகத்தின் சாம்பார்க் கிண்ணத்தில் போட்டேன், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். கம்பியை வலது துளையில் விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் இடது பக்கம் எட்டிப் பார்த்தது. ஃபிரேம் நேர். ஸ்ரீபெரும்புதூர்க்காரன் வாயில் மண்.

கண்ணாடிக்கு என் ஆபீஸ் மேஜை மேல் இருந்ததை எடுத்தேன். அடியில் இருந்த விசிட்டிங் கார்டுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. துடைத்துவிட்டு இடது பிராக்கெட்டைப் படுக்க வைத்தேன். ஆடவில்லை. வலது பிராக்கெட் ஆடியது, நொண்டி நாற்காலி மாதிரி.

ஆகவே கோணல் பிராக்கெட்டில்தான், ஃபிரேமில் இல்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டார். பிராக்கெட்டைச் சரிசெய்து மாட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது எப்படி வளைந்தது, யார் வளைத்தது என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது அதை எப்படி நிமிர்த்துவது என்று சொன்னால் போதும்.

வல்லத்தில் ஒரு பிரஸ் ஷாப் இருக்கிறது. சூடு காட்டாமல் அழுத்தி நிமிர்த்தித் தருகிறேன் என்கிறான். கொடுக்கவா?

தாண்டவராயன்


கழுகுமலை
30.6.2024

அண்ணாச்சிக்கு,

பிரஸ் ஷாப்பில் கொடுக்காதீர்கள். ஒரு தடவை வளைந்த தகட்டை அவசரமாகத் திருப்பினால் வெல்டு ஓரத்தில் கீறல் விடும். கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் டாக்டர் காலை ஊன்றும்போது பிராக்கெட் ஒடிந்து விழும்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். தரைச் சரிவு இருக்கிறது, நூல் இடைவெளி இருக்கிறது, சாம்பார்க் கிண்ணம்கூட இருக்கிறது. முனை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது மட்டும் இல்லை. நான் கேட்டிருந்தேன். நீங்கள் ஒரு சரக்கைப் பற்றி எல்லாம் சொல்லி ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால், அந்த ஒன்றில்தான் விஷயம் இருக்கும். ஒன்பது வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் முந்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்தது நான்தான். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவில்லை என்று தெரிந்தே எடுத்தேன். மணிமங்கலம் வரை போய்த் திரும்பினேன். தனியாகப் போகவில்லை. சுகப்பிரியா என்று ஒரு பெண், எட்டயபுரத்துக்காரி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி லைனில் இருக்கிறாள், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். பேசித்தான் இருந்தார்கள், நிச்சயம் பண்ணவில்லை. அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள் என்று பதினோரு பேர் முன்னால் நான் எப்படிச் சொல்ல? அதில் நாலு பேர் எங்கள் பக்கத்துப் பையன்கள். அன்று ராத்திரியே எட்டயபுரத்துக்குப் போன் போயிருக்கும். அதனால்தான் தரையைப் பார்த்தேன்.

வாயை மூடியும் பலன் இல்லை. விலை உயர்ந்த வண்டியை உடைத்துவிட்டு ஓடிவந்தவன் என்று அவள் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. ஆவணியில் பார்க்கலாம் என்றவர், இப்போது தையில் பார்க்கலாம் என்கிறார். தை வந்தால் என்ன சொல்வாரோ.

வண்டி விழவில்லை. ஆனால் மணிமங்கலம் திருப்பத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், வெள்ளைக் கோடு இல்லை. பார்க்காமல் ஏறிவிட்டேன். வண்டி தூக்கிப் போட்டபோது என் எடை முழுக்க ஃபுட்ரெஸ்ட்டில்தான் இறங்கியது. அதில் வளைந்ததா? எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் அளந்து பார்த்திருக்க வேண்டும். பயந்துகொண்டு துணியைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதமாக அதுதான் தூங்கவிடவில்லை.

பிராக்கெட் போன பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே விழுந்த வண்டி என்றால் முனை மேலேயும் பின்னாலேயும் போயிருக்கும், ரப்பரில் தேய்ப்பு இருக்கும். நேராகக் கீழே மட்டும் இறங்கியிருந்தால் வேகத்தடை. அப்படியானால் அது நான். வாங்கிய பேச்சு எனக்குத் தகும், நானே சரிசெய்து அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். முன்னால் போயிருந்தால் அது வேறு.

எந்தப் பக்கம், அண்ணாச்சி?

பேச்சிராஜ்


ஒரகடம்
6.7.2024

பேச்சி,

முன்னால். ஒன்பது மில்லி முன்னால், பன்னிரண்டு மில்லி கீழே. ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மேல் வைத்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஏனென்றால் குட்டியானையின் முன்பக்கக் கொக்கி இருக்கும் திசை அது. பிராக்கெட்டின் உள்மடிப்பில் பெயிண்ட் தேய்ந்திருந்தது, கயிற்றின் முறுக்குத் தடம் அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மேஜை மேல் வைத்து, கார்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். கனகம், "இன்னா, மூஞ்சி இப்டி போவுது?" என்றாள். பசி என்றேன். மறுநாள் உனக்கு எழுதும்போதும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதினேன். உன்னிடம் செல்லாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மோகனைக் கூப்பிட்டேன்.

"டேய், செவ்வாக்கெழம வண்டிய நான் எங்கடா கட்டினேன்?"

"நீ கேக்கறதால சொல்றேண்ணே. எடது பக்கம் டயர வெச்சி பாடில சாச்சே. வலது பக்கம் கால் வெக்கிற எடத்துல கயித்தப் போட்டு முன்னாடி கொக்கில இழுத்துக் கட்டின. தடிய வுட்டு முறுக்கின. வாணாண்ணே, பேச்சி பாத்தா கத்துவான்னு சொன்னேன். பத்து டன் பிரஸ்ஸு கட்டினவன்டா, எனக்கே கயிறு கட்ட கத்துத் தர்றியான்னே."

"அப்ப நான் அவனத் திட்டறப்போ ஏன்டா சும்மா நின்ன?"

"நீ பேசிக்கினு இருக்கிறப்போ எவன்ணே குறுக்க வருவான்?"

அவனை அனுப்பிவிட்டு அந்தக் கயிற்றை எடுத்துப் பார்த்தேன்.

உனக்குத் தெரியாத கதை ஒன்று. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நிலத்தைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்ட பிறகு நான் முதலில் செய்த வியாபாரம், சரக்கு அடுக்கிவிட்டுக் கம்பெனிகள் தூக்கிப்போடும் மரப் பேலட். வாடகை வண்டி. இரண்டாவது லோடே வாலாஜாபாத் ரோட்டில் அவிழ்ந்து ரோடு முழுக்கக் கொட்டியது. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் மயிரிழையில் தப்பினார். அன்றிலிருந்து என் லோடை நான்தான் கட்டுவேன். எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதில் போடுவேன், இனி முறுக்க முடியாது என்கிற வரை முறுக்குவேன். பிறகு ஏற்றிய லேத்தும் பிரஸ்ஸும் இருபத்து நாலு வருஷமாக வாய் திறக்கவில்லை. இந்த வண்டியும் இரும்புதானே என்று நினைத்தேன். அடையாறு வரை நாற்பது கிலோமீட்டர், ஒவ்வொரு பள்ளத்திலும் கயிறு அதை இழுத்திருக்கிறது.

ஆக, உன் வேகத்தடை இல்லை. விழவும் இல்லை. கட்டியவன் நான். தப்பு என்னுடையது. உன்னைப் பேசியதும் என்னுடைய தப்பு. முதல் தப்பு பிராக்கெட்டோடு போகும், இரண்டாவது அப்படிப் போகாது என்று தெரியும்.

இதை எழுத உன் கடிதம் மட்டும் காரணமில்லை. புதன்கிழமை மத்தியானம் அந்தப் பெண் வந்துவிட்டாள். நீ எதுவும் கேட்காதே என்று எழுதியிருந்தாய், கேட்கவில்லை. ஆபீஸுக்குள் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "வண்டி விழல சார். நான் பின்னால உக்காந்துருந்தேன். நீங்க யார வேணும்னாலும் கூப்பிடுங்க, நான் சொல்லுதேன்" என்றாள். நான் யாரைக் கூப்பிடுவது? "எனக்குத் தெரியும்மா, விழல. எடுத்தது யாருன்னும் தெரியும், வளச்சது யாருன்னும் தெரியும். நீ இங்க வந்ததா எவனுக்கும் தெரியவேணாம்" என்றேன். கனகம் இருந்தாள். டீ கொடுத்துப் பின்பக்க வாசல் வழியாக பஸ் ஸ்டாப் வரை போய் விட்டுவிட்டு வந்தாள். என் மூஞ்சியைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு இருக்கிற தைரியத்துல காவாசி உனக்கு இருந்தா இந்நேரம் லெட்டர் போயிருக்கும்" என்றாள். போய்விட்டது பார்.

வலது பிராக்கெட்டும் ஒப்பிட்டுப் பார்க்க இடது பிராக்கெட்டும் சணல் சாக்கில் சுற்றி லாரி பார்சலில் கோவில்பட்டிக்குப் போட்டிருக்கிறேன். உன் பெட்டியையும் அனுப்பலாம் என்று தூக்கினேன். அனுப்பிவிட்டால் நீ வரமாட்டாய் என்று தோன்றியது, கீழே வைத்துவிட்டேன். வேண்டும் என்றால் எழுது, அனுப்புகிறேன்.

தாண்டவராயன்


கழுகுமலை
18.7.2024

அண்ணாச்சிக்கு,

பிராக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. நாலு நாள் எடுத்துக்கொண்டேன். பட்டறை முதலாளி வேலை முடிந்த பிறகு செய்துகொள்ள விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தானாக ஆற விட்டு, மறுநாள் மறுபடி. கீறல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு விழும். விழவில்லை.

முன்னால் போயிருந்த ஒன்பதும் சரியாகிவிட்டது. ஆனால் கீழே இறங்கியிருந்த பன்னிரண்டில் எட்டுதான் திரும்பியது. மிச்சம் நாலு இருக்கிறது. முதலில் என் கைவேலைதான் சரியில்லை என்று நினைத்தேன். தகட்டில் அலை ஏதும் இல்லை, கண்ணாடியில் ஆடாமல் படுக்கிறது. பிறகுதான் வெல்டைப் பார்த்தேன். இடதில் ஃபுட்ரெஸ்ட் குழாயை ஒரு இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள், வலதில் நாலு மில்லி கீழே வைத்திருக்கிறார்கள். வண்டி பிறந்தபோதே அப்படித்தான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் எவனோ சாப்பாட்டு மணி அடித்த அவசரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எட்டு உங்கள் பங்கு, நாலு அவன் பங்கு. வேகத்தடைக்குப் பங்கு இல்லை.

அந்த நாலையும் வளைத்து இடதுக்குச் சமமாக்க என்னால் முடியும். செய்யமாட்டேன். நேராக இருக்கும் தகட்டைக் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வளைப்பது அது. நீங்கள் டாக்டரிடம் பெயிண்ட் அடித்து மறைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். நாலு மில்லி இருக்கிறது, பிறவியிலேயே இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பிடித்தால் எடுக்கட்டும்.

இன்றைக்கே பார்சலில் போடுகிறேன்.

இனி மற்றது. சுகப்பிரியா உங்களிடம் வந்ததைப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. "நீங்க எனக்காவ வாய மூடுனிய, நான் ஒங்களுக்காவ வாயத் தொறந்தேன், இதுல என்ன கோவம்?" என்றாள்.

திரும்பி வா என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அது போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். வருகிறேன். ஆனால் சும்மா வரமாட்டேன்.

என்னைச் சொன்ன அதே இடத்தில், அதே பதினோரு பேர் முன்னால், கயிறு கட்டியது நீங்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் இல்லாதபோது சொல்லுங்கள். நான் நின்றுகொண்டிருந்தால் எனக்காகச் சொன்னதாகப் போய்விடும்.

சுகப்பிரியாவின் அப்பாவுக்கும் அது தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியில் வந்தது தெரியக்கூடாது.

யார்டிலிருந்து எந்த மோட்டார் சைக்கிளை ஏற்றினாலும் நான் கட்டுவேன். நான் இல்லாவிட்டால் வண்டி போகக்கூடாது.

கல்யாணம் முடிந்தால் ரூமில் நாலு பேரோடு இருக்க முடியாது. உங்கள் பிள்ளைப்பாக்கம் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. இனாம் வேண்டாம், வாடகைக்கு. பழைய வண்டி விற்றால் எனக்கும் அதில் ஒரு பங்கு. பாதி கேட்கிறேன்.

பேச்சிராஜ்


ஒரகடம்
27.7.2024

பேச்சிக்கு,

பிராக்கெட் வந்தது, மாட்டினேன். நானே மாட்டினேன். கிண்ணம் இந்த முறை யார்டுடையது.

வியாழக்கிழமை காலை டீ நேரத்தில் எல்லாரையும் ஷெட்டு வாசலில் நிற்கச் சொன்னேன். சம்பளத்தை ஏற்றப் போகிறேன் என்று நினைத்து வேகமாக வந்தார்கள். பதினோரு பேரும் இருந்தார்கள், எண்ணிப் பார்த்துக்கொண்டேன். "பேச்சி வண்டியக் கீழ போடல. நான் ஏத்தினப்போ தப்பான எடத்துல கயிறு கட்டினேன், அதுல வளஞ்சிது. அவனப் பேசினது தப்பு" என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மண்ணாங்கட்டிதான், "அப்ப நானும் அந்தப் புள்ள வண்டிய எடுத்துக்கினு போனான்னு சொல்லியிருக்கக் கூடாது, மொதலாளி" என்றார். "நீ பாத்தத சொன்னே, நான்தான் பாக்காதத சொன்னேன்" என்றேன். மோகன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவனை விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானமே உங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேரும் போனை எடுத்துக்கொண்டு ஓரம் போனார்கள். எட்டயபுரத்துக்கு அதுவே போய்ச் சேர்ந்திருக்கும். இருந்தாலும் நம்பர் வாங்கி சுகப்பிரியாவின் அப்பாவிடம் நானே பேசினேன். வியாபாரியின் பேச்சை யார் நம்புவார் என்று சந்தேகம் இருந்தது, அதனால் சுருக்கமாகப் பேசினேன்.

"அப்பம் பையன் மேல தப்பு இல்லைங்கிய?"

"இல்லீங்க. தப்பு எம்மேல."

"நீங்க மொதலாளிதான?"

"ஆமாங்க."

"மொதலாளி தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் கேட்டதில்ல" என்றார். பிறகு, "ஆடி முடியட்டும், ஆவணில நாள் பாப்போம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நேற்று டாக்டர் வந்தார். நீ நினைத்தது சரிதான், பெயிண்ட் டப்பா வாங்கி வைத்திருந்தேன். திறக்கவில்லை. கயிறு கதையையும் நாலு மில்லியையும் சொன்னேன். ஏறி உட்கார்ந்தார். "எங்க, எனக்குத் தெரியலியே" என்றார். இறங்கிக் குனிந்து அந்த வெல்டைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகவும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. சர்வீஸுக்கு வருஷத்தில் இரண்டு முறை இங்கேயே கொண்டுவருவாராம், இதை நிமிர்த்தியவன் கையால்தான் செய்ய வேண்டுமாம். சரி என்று உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போது நம் பேச்சு. முதல் இரண்டும் செய்தாகிவிட்டது. மூன்றாவது சம்மதம்; நீ லீவு என்றால் வண்டியும் லீவு. நானும் ஒன்று கேட்கிறேன். இனி உன்னிடம் எதையாவது கேட்க வேண்டுமானால் ஆபீஸுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்பேன். அங்கே நீ தரையைப் பார்க்கக் கூடாது, பதில் சொல்ல வேண்டும்.

பங்கில் பாதி முடியாது. வண்டி வாங்க முதல் போடுவது நான், விற்காமல் நின்றால் நட்டமும் எனக்கு. கால் பங்கு தரலாம் என்று இருந்தேன். கனகம் உன் பக்கம் பேசுகிறாள். அதனால் மூன்றில் ஒன்று, டாக்டர் வண்டியிலிருந்தே கணக்கு. சம்பளம் பழையபடி இருபத்து நாலாயிரம், தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம். நடுவில் போன இரண்டு மாதத்துக்குப் பாதிச் சம்பளம் உண்டு. மாடிக்கு வாடகை மாதம் நாலாயிரம், கரண்ட் தனி. அட்வான்ஸ் மூன்று மாதம் கேட்டேன், கனகம் ஒரு பைசா கூடாது என்றாள், ஒரு மாதத்தில் முடித்தோம். குடிவருவது ஆவணி முதல் வாரம்.

தாண்டவராயன்